பைனா, ஸ்ப்ரூஸா? ஏற்காட்டில் பொறுக்கிய நாலு கிளைத் துண்டுகள்

பேர்லேண்ட்ஸ்_அம்மா
ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். மரங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

இன்று குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்தோம். மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் இலைத் தொகுப்பு நோட்டு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மே மாதம் மணாலி போவதாக இருக்கிறோம், அங்கே பார்க்கப்போகும் ஊசியிலை மரங்களை இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மரத்தில் கை வைக்காதே, கீழே கிடப்பதை மட்டும் எடு என்று சொல்லியிருந்தேன். நாலு துண்டு கொண்டுவந்திருக்கிறாள்.

முதல் துண்டு, ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய பங்களா வாசலில் நிற்கும் உயரமான மரத்தடியில் கிடந்தது. கயிறு முறுக்கியது போல இருக்கிறது, சின்னச் சின்ன முள் மாதிரி இலைகள் நெருக்கமாக. இரண்டாவது, ஒரு எஸ்டேட் வேலி ஓரம் எடுத்தது. ஊசி ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், கூடவே ஒரு காயும் கிடைத்தது. மூன்றாவது, இறங்கி வரும்போது அடிவாரத்தில் டீ குடிக்க நின்ற இடத்தில். எனக்குச் சவுக்கு போலத்தான் தெரிகிறது. நாலாவது, பூங்கா பக்கம், தட்டையாக, சடை பின்னியது போல.

செல்போனில் மரத்தின் பெயர் சொல்லும் செயலியில் காட்டினால் முதலாவதை ஸ்ப்ரூஸ் என்கிறது, இரண்டாவதையும் மூன்றாவதையும் பைன் என்கிறது. கூட வந்த வழிகாட்டி எல்லாமே கிறிஸ்துமஸ் மரம்தான் என்றார். பைனுக்கும் ஸ்ப்ரூஸுக்கும் என்ன வித்தியாசம் என்று மகள் கேட்கிறாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.


தாவரவியல்_ஓய்வு
ஞாயிறு, இரவு 10:02

அம்மா, கீழே விழுந்ததை மட்டும் எடுத்த உங்கள் மகளுக்கு முதலில் என் பாராட்டு.

மரத்தைத் தூரத்தில் இருந்து பார்த்துப் பெயர் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். கோபுரம் போல நிற்கும் பச்சை மரங்களில் பைனும் உண்டு, ஸ்ப்ரூஸும் உண்டு, இரண்டும் இல்லாதவையும் உண்டு. கல்லூரியில் பாடம் எடுத்த காலம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஊசி கிளையோடு சேருகிற இடத்தைப் பார்.

இரண்டாவது துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஊசியைப் பிடித்து மெல்ல இழுங்கள். அது தனியாக வராது, கூடவே இன்னும் ஒன்றோ இரண்டோ சேர்ந்து வரும். அவற்றின் அடியைச் சுற்றி வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய பழுப்பு உறை இருக்கும். அப்படி இருந்தால் அது பைன். கொத்துக் கொத்தாக ஊசி வருவது பைனின் அடையாளம். ஒவ்வொரு கொத்தும் உண்மையில் ஒரு மிகக் குட்டையான கிளை, அதன் நுனியில்தான் ஊசிகள் இருக்கின்றன.

கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைனில் இரண்டு, இமயத்தின் சீர் பைனில் மூன்று, அதே இமயத்தின் நீலப் பைனில் ஐந்து. அப்புறம் அந்த ஊசிகளை ஒன்றாகச் சேர்த்து விரலுக்கு நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டைக் குச்சியாகிவிடும். வெள்ளரிக்காயை நீளவாக்கில் மூன்றாகக் கீறினால் ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்குமோ, மூன்று ஊசிப் பைனின் ஒவ்வொரு ஊசியும் அப்படித்தான் இருக்கும். இரண்டு ஊசி என்றால் பாதி வட்டம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ப்ரூஸில் கொத்து கிடையாது. ஊசிகள் ஒவ்வொன்றாகக் கிளையைச் சுற்றி இருக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் கட்டையான ஒரு சின்ன முண்டு. ஊசி உதிர்ந்தாலும் முண்டு கிளையிலேயே தங்கிவிடும். அதனால் காய்ந்த ஸ்ப்ரூஸ் கிளையைத் தடவினால் அரத்தைத் தடவியது போலச் சொரசொரக்கும். பெரும்பாலான ஸ்ப்ரூஸ் ஊசிகளுக்கு நாலு பக்கம் உண்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினால் உருளும்.

நாளை பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.


கல்பகனூர்_ராஜா
ஞாயிறு, இரவு 10:30

எங்களுக்குச் சுலபமாக ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். காய் கீழே பார்த்துத் தொங்கினால் ஸ்ப்ரூஸ், மேலே பார்த்து நின்றால் பைன்.


மலைப்படை_ஆத்தூர்
திங்கள், காலை 6:15

ராஜா தம்பி, அது தப்பு. மேலே பார்த்து நிற்பது ஃபிர் என்ற இன்னொரு ஊசியிலை மரத்தின் காயும் தேவதாருவின் காயும்தான். பைன் காய் இனத்துக்கு இனம் மாறும், நிறைய இனங்களில் சாய்ந்தோ தொங்கியோதான் இருக்கும்.

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 17 வருடத்தில் பாதிக்கு மேல் இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் கழிந்தது. தாவரவியல் படித்தது இல்லை, ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கொடுத்தது மறக்கவில்லை. இமாச்சலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. மூன்று ஊசிப் பைன் சீல், ஐந்து ஊசிப் பைன் கைல், ஸ்ப்ரூஸ் ராய், ஃபிர் தோஷ், தேவதாரு தியார். நம் ஆட்கள் போய் எல்லாவற்றையும் பைன் என்று சொல்லும்போது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்றால், வேம்பையும் புங்கனையும் ஒரே பெயர் சொல்லி யாராவது அழைத்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி.

கீழ் மலையில் சீல் காடு. அதன் ஊசி தரையில் விழுந்து மெத்தை போலக் கிடக்கும், பூட்ஸ் வழுக்கும், சரிவில் இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைத்துத்தான் இறங்குவோம். வெயில் காலத்தில் அந்தச் சருகு தீப்பிடித்தால் நிறுத்துவது பெரும்பாடு. மேலே ஏற ஏற கைல், தேவதாரு. அதற்கும் மேலே குளிர்ந்த சரிவுகளில் ராயும் தோஷும் கலந்து நிற்கும்.

ராயையும் தோஷையும் பிரிப்பதுதான் சிரமம். ஒரு ஹவில்தார் எனக்குக் காட்டிய வழி இது. தரையைப் பார். ஒரு விரலை விட நீளமான, மெல்லிய செதில் உள்ள காய் முழுசாகக் கிடந்தால் பக்கத்தில் ராய் இருக்கிறது. தோஷ் காய் மரத்திலேயே செதில் செதிலாகச் சிதறிவிடும், முழுசாகத் தரையில் கிடைக்காது. ஊசி உதிர்ந்த இடத்தைத் தடவினால் ராய் சொரசொரக்கும், தோஷ் வழவழப்பாக, வட்டமான தழும்போடு இருக்கும். ஊசியும் தட்டை, உருளாது.

சகோதரி, மணாலி போனால் ஹிடிம்பா கோயிலைச் சுற்றி இருப்பது தேவதாருக் காடு. கோயில் 1553ல் கட்டியது. அங்கே படம் எடுத்துப் பைன் காடு என்று போடுகிறவர்கள் நிறைய. பாப்பா அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.


தாவரவியல்_ஓய்வு
திங்கள், காலை 7:05

ஆத்தூர்க்காரர் சொன்னது அத்தனையும் சரி. பக்கத்தில் வாழ்ந்து பார்த்தவர் சொல்வதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

தேவதாருவில் ஏமாறக் கூடாத ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அதன் பழைய கிளைகளில் ஊசிகள் பூ மாதிரி வட்டமாக, ஒரே முடிச்சில் இருபது முப்பது வரை இருக்கும். ஆனால் அந்த வருடம் புதிதாக நீண்ட நுனிக் கிளையில் தனித்தனியாக இருக்கும். நுனியை மட்டும் ஒடித்துப் பார்த்தால் ஸ்ப்ரூஸ் என்று தோன்றிவிடும். எப்போதும் ஒரு முழம் உள்ளே போய் பழைய பகுதியையும் பார்க்க வேண்டும்.


பேர்லேண்ட்ஸ்_அம்மா
திங்கள், மாலை 6:40

ஐயா, பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கூட இறக்கவில்லை, நேராக அந்த ஊசியைத்தான் எடுத்தாள்.

இரண்டாவது துண்டில் மூன்று மூன்றாக வந்தது. ஒரே ஒரு கொத்தில் மட்டும் நாலு. உறை இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரி சருகு போலவே. மூன்றையும் சேர்த்து உருட்டினால் குச்சி போல ஆகிறது என்று வீட்டில் உள்ள எல்லோரிடமும் காட்டிவிட்டாள். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது, அவர் விரலில் வைத்து உருட்டிப் பார்க்கச் சொன்னாள்.

முதல் துண்டில் கொத்தும் இல்லை, முண்டும் இல்லை. இலையை இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது. இது என்ன?


ஏற்காடு_தோட்டக்காரி
திங்கள், இரவு 8:20

வணக்கம் அக்கா. நான் ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். நீங்கள் சொல்கிற பங்களா எது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்த மரம் அரக்கேரியா. சேலத்து நர்சரிகளில் டிசம்பர் வந்தால் தொட்டியில் வைத்துக் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பார்களே, அதே வகைதான் வளர்ந்து அவ்வளவு உயரம் ஆகியிருக்கிறது. நார்ஃபோக் பைன், குக் பைன் என்றெல்லாம் சொன்னாலும் அது பைனும் இல்லை, ஸ்ப்ரூஸும் இல்லை. அது தெற்குக் கோளத்து மரக் குடும்பம். உங்களுக்குக் கிடைத்த கயிறு போன்ற துண்டைப் பாருங்கள். இலை தனியாக உதிராது, சின்னக் கிளையாகவே கழன்று விழும். அதனால்தான் இழுத்தால் வரவில்லை.

மூன்றாவது சவுக்குதான், நீங்கள் நினைத்தது சரி. அதன் ஊசி மாதிரி இருப்பதைப் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும், மறுபடி சொருகினால் உட்கார்ந்துகொள்ளும். எங்கே ஒட்டியிருக்கிறேன் சொல் என்று சின்ன வயதில் விளையாடியிருப்போம். கழன்ற இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுற்றிலும் குட்டிக் குட்டிப் பற்கள் தெரியும், அந்தப் பற்கள்தான் அதன் இலை. பச்சையாக நீளமாக இருப்பது கிளை. சவுக்கு பூக்கிற மரம், பைனுக்கும் அதற்கும் சொந்தமே இல்லை. நாலாவது சைப்ரஸ்.

எங்கள் மலைக்கு இதெல்லாம் வந்த கதை பெரிது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். அப்புறம் பங்களா வந்தது, பங்களா வாசலுக்கு வெளிநாட்டு மரம் வந்தது. காப்பிக்கு நிழல் தர சில்வர் ஓக் வைத்தார்கள். அதற்கும் ஓக்குக்கும் சம்பந்தம் கிடையாது, ஆஸ்திரேலியா மரம். பெயரை நம்பினால் எங்கள் ஊரில் ஒரு மரத்தையும் சரியாகத் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. அந்தப் பங்களா அரக்கேரியா கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். காற்றுக்கா?


டாம்பரே_சேலத்தான்
திங்கள், இரவு 11:48

தோட்டக்காரி அக்கா, உங்கள் மரம் குக் பைனாக இருந்தால் காரணம் காற்றாக இல்லாமல் இருக்கலாம். 2017ல் இகாலஜி என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐந்து கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்திருக்கிறார்கள். சராசரியாக எட்டரை டிகிரி சாய்வு. வட கோளத்தில் உள்ளவை தெற்கே சாய்கின்றன, தென் கோளத்தில் உள்ளவை வடக்கே, அதாவது எல்லாமே பூமத்திய ரேகையை நோக்கி. ரேகையில் இருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வு அதிகம். ஏற்காடு ரேகைக்குப் பக்கம், அதனால் குறைவாகத்தான் இருக்கும். செல்போன் திசைகாட்டி வைத்துப் பாருங்கள், தெற்கே சாய்ந்திருந்தால் ஏறக்குறைய சேலத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்.

நான் அம்மாபேட்டை. ஆறு வருடமாக ஃபின்லாந்தில் டாம்பரே ஊரில் இருக்கிறேன். இங்கே காடு என்றாலே பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், பைன், பிர்ச் மூன்றும்தான், அதனால் எழுதத் தோன்றியது. ஸ்ப்ரூஸ் இவர்களுக்குக் கூசி, பைன் மாண்டு. பள்ளிக்குப் போகாத குழந்தை கூட மாற்றிச் சொல்லாது.

தாவரவியல் ஐயா தூரத்தில் இருந்து பார்க்க வேண்டாம் என்றார். இந்த ஊரில் மட்டும் தூரத்தில் இருந்தும் சொல்லிவிடலாம். வளர்ந்த பைனுக்குக் கீழ்ப்பாதி மொட்டையாக இருக்கும், மேல் தண்டு ஆரஞ்சு நிறம், சாயங்கால வெயில் பட்டால் செங்கல் சூளைத் தணல் மாதிரி தெரியும். ஸ்ப்ரூஸ் தரை வரை கிளையைத் தொங்கவிட்டு இருட்டாக நிற்கும். பனி கொட்டும்போது அதன் அடியில் ஒதுங்கினால் தரை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும், கூடாரத்துக்குள் போன மாதிரி. முதல் வருடம் தனியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி ஒரு மரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் பேசுவேன். அந்த மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இதையெல்லாம் படித்தேன்.

இந்த இரண்டு மரத்தையும் வைத்து உருவத்தில் சொல்லிவிடலாம். உலகம் முழுக்க அது செல்லாது, சரி.


செவ்வாய்ப்பேட்டை_மரவேலை
செவ்வாய், காலை 8:55

எங்களுக்கு ஊசியும் கிடைக்காது, காயும் கிடைக்காது. கைக்கு வருவது பலகைதான். வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டிகளைப் பிரித்து வரும் பலகையை மொத்தமாக வாங்கிச் செய்வோம். சந்தையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பைன்.

மூன்று வருடம் முன்பு ஒருவரிடம் முழுக்கப் பைன் என்று சொல்லி ஒரு லோடு வாங்கினேன். வாங்கிய இடத்தைச் சொல்ல விரும்பவில்லை. ஒரு வீட்டுக்குப் புத்தக அலமாரி செய்து வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் சில பலகைகள் தேன் நிறத்துக்குப் போயின, சில வெளுப்பாகவே நின்றன. ஒரே அலமாரியில் இரண்டு நிறம். அந்த அம்மா கோபப்படவில்லை, ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை, செலவைப் பார்க்காமல் மாற்றிக் கொடுத்தேன். அப்போதிருந்து பலகையைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இழைப்புளி போடும்போது டர்பன்டைன் வாசனை தூக்கலாக வந்தால் பைன். நடுமரம் சிவப்பாகவும் ஓரம் வெளுப்பாகவும் பிரிந்து தெரியும். இழைத்த பரப்பில் பென்சிலால் கீறிய மாதிரி சின்னச் சின்னப் பழுப்புக் கோடு ஓடும், அது பிசின் போகும் வழி. ஸ்ப்ரூஸில் நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே வெள்ளை. பிசின் கோடும் குறைவு, வாசனையும் குறைவு. கணு சின்னதாக இருந்தாலும் கெட்டி, உளியின் வாயை எடுத்துவிடும்.

பெட்டியில் கோதுமைக் கதிர் படத்தோடு எச்.டி. என்று முத்திரை இருப்பதைச் சிலர் மரத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். அது மரத்தின் உள் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றாயிற்று என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். கனடாவில் இருந்து வரும் மரத்தில் எஸ்.பி.எஃப். என்று இருந்தால் ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர் மூன்றையும் கலந்தே விற்கிறார்கள் என்று அர்த்தம்.


சந்தனமரம்_வாழப்பாடி
செவ்வாய், மதியம் 1:30

எல்லோரும் ஆர்வமாக எழுதுவது சந்தோஷம். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சேர்வராயன் மலையில் சந்தனம் இருக்கிறது, நாவல் இருக்கிறது, கடுக்காய் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றையும் இலை பார்த்துச் சொல்லத் தெரியாது. தெரியாத மரத்தை விட்டுவிட்டு இங்கே இல்லாத ஸ்ப்ரூஸைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா? பைனும் நம் மரம் இல்லை. பழனி மலையிலும் நீலகிரியிலும் புல்வெளிகளை அழித்துத்தான் பைனும், சீகை என்று சொல்கிற வாட்டில் மரமும், தைலமரமும் வைத்தார்கள். பைன் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், தரையில் ஊசியைத் தவிர அதிகம் ஒன்றும் இருக்காது. ஊற்று வற்றியது என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சினிமாவில் அழகாக இருக்கிறது என்று நாம் கொண்டாடுகிறோம்.


ஏற்காடு_தோட்டக்காரி
செவ்வாய், மாலை 5:10

அண்ணா, உங்கள் வருத்தம் நியாயமானது. எங்கள் மலையில் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு வருகிறவர்களை விட போட்டிங் போகிறவர்கள் பல மடங்கு. எனக்கும் அது வலிக்கும்.

ஆனால் பாப்பா அடையாளம் கண்ட அந்த ஒரு பைன், இந்த மலைக்கு யாரோ கொண்டுவந்து வைத்த மரம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் எல்லாமே பச்சை, எல்லாமே இயற்கை என்று நினைத்திருப்பாள். எது வந்த மரம், எது இருந்த மரம் என்று பிரிக்கத் தெரிந்தால்தானே சந்தனத்துக்கும் நாவலுக்கும் பேச முடியும்?


தாவரவியல்_ஓய்வு
செவ்வாய், இரவு 9:25

வாழப்பாடி நண்பர் சொன்னதில் பைன் தோட்டங்களைப் பற்றிய பகுதியை நானும் ஏற்கிறேன். புல்வெளியைத் தரிசு என்று நினைத்த காலத்தில் செய்த தவறு அது.

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் ஒன்று கூட இல்லை, ஸ்ப்ரூஸும் இல்லை. நமக்கென்று இருக்கும் ஒரே ஊசியிலைக் குடும்பத்து மரம் நாகேயா வல்லிச்சியானா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இருக்கிறது. அதற்கு ஊசியே கிடையாது, அகலமான இலை. வகுப்பில் அதன் கிளையைக் காட்டி இதுவும் பைனுக்கு உறவு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மா, மகளுக்குக் கிடைத்த பைனைப் பற்றி. ஊசி நீளமாகத் தொங்குவது, மூன்றும் சில இடத்தில் நாலும் வருவது எல்லாவற்றையும் பார்த்தால் பைனஸ் பாட்டுலாவாக இருக்க வாய்ப்பு அதிகம். மெக்சிகோ மரம், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நிறைய வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போனால் மேல் தண்டைப் பாருங்கள், பட்டை செம்மையாக, காகிதம் போல உரியும். காய்கள் கொத்தாக, மூடியபடியே வருடக் கணக்கில் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். கொத்தாக வந்தால் பைன் என்று சொன்னேன். அமெரிக்காவில் பைனஸ் மோனோஃபில்லா என்று ஒரு இனத்தில் கொத்துக்கு ஒரே ஊசிதான். அந்த ஒரு ஊசியும் உருண்டையாக இருக்கும், அடியில் முண்டு இருக்காது. உறையும் எல்லா இனத்திலும் கடைசி வரை இருக்காது. கைல் பைனில் அது சீக்கிரம் உதிர்ந்துவிடும். உறையைக் காணோமே என்று மணாலியில் குழம்ப வேண்டாம், ஐந்து ஊசியை எண்ணினால் போதும்.

காயை வைத்து ஒரு சோதனை. பைன் காயின் செதில் கட்டை மாதிரி தடிப்பாக இருக்கும், நுனியில் ஒரு புடைப்பு. ஸ்ப்ரூஸ் காயின் செதில் மெல்லியது, விரலால் அழுத்தினால் வளையும். பைன் காய் முற்றுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் ஆகும், அதனால் ஒரே கிளையில் சின்னக் காயும் பெரிய காயும் சேர்ந்து இருக்கும். ஸ்ப்ரூஸ் காய் அந்த வருடமே முற்றிவிடும். விரிந்த காயைத் தண்ணீரில் போட்டால் செதில்கள் மூடிக்கொள்ளும், காய வைத்தால் திறக்கும். பள்ளியில் செய்து காட்டலாம்.


கல்பகனூர்_ராஜா
செவ்வாய், இரவு 9:50

ஆத்தூர் ஐயா, நான் எழுதியதைத் திருத்தியதற்கு நன்றி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே தப்பை நாலு பேருக்குச் சொல்லியிருந்தேன், இப்போது அங்கேயும் திருத்தி எழுதிவிட்டேன்.


பேர்லேண்ட்ஸ்_அம்மா
மே மாதம், சனி இரவு

இந்த இழையை மறந்திருப்பீர்கள். நாங்கள் மறக்கவில்லை.

நோட்டு அப்போதே முடிந்துவிட்டது. முதல் பக்கம் அரக்கேரியா, இரண்டாவது பைன், மூன்றாவது சவுக்கு என்றும் அது ஊசியிலை மரம் இல்லை என்றும், நாலாவது சைப்ரஸ். வாழப்பாடி அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு கடுக்காய், நாவல், புங்கன் மூன்றுக்கும் தனியாகப் பக்கம் சேர்த்தாள். ஏற்காட்டுக்கு இன்னொரு முறை போய் பங்களா மரத்தின் சாய்வையும் பார்த்தோம். திசைகாட்டி தெற்குக்குக் கொஞ்சம் மேற்கே காட்டியது. தோட்டக்காரி, அன்று உங்கள் வீட்டில் கொடுத்த காப்பிக்கு நன்றி.

மணாலியில் இருந்து நேற்றுத்தான் திரும்பினோம். ஹிடிம்பா கோயிலில் படம் எடுத்த ஒரு குடும்பம் பைன் என்று பேசிக்கொண்டது. மகள் பக்கத்தில் போய், இது தேவதாரு ஆன்ட்டி, ஊசி பூ மாதிரி வட்டமாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டினாள். அவர்கள் ஈரோட்டுக்காரர்கள், அவர்கள் பையனும் உட்கார்ந்து பார்த்தான்.

சோலாங் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அங்கே சரிவில் உயரமான மரங்கள், கிளை எல்லாம் கீழ்நோக்கித் தொங்கியபடி. தரையில் நீளமான காய் முழுசாகக் கிடந்தது. செதிலை அழுத்தினாள், வளைந்தது. பக்கத்தில் ஒரு காய்ந்த கிளை, ஊசி எல்லாம் உதிர்ந்திருந்தது. அதை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் நுனியில் இருந்து அடி வரை தடவினாள். சொரசொரக்கிறது அம்மா, ராய் என்றாள்.

வண்டி ஓட்டியவர் அந்த ஊர்க்காரர். அதுவரை எங்களோடு அதிகம் பேசாமல் இருந்தவர், ராய் என்ற வார்த்தையைக் கேட்டதும் இறங்கி வந்து, அந்தப் பக்கம் நிற்கிறதே, அது தோஷ் என்று இந்தியில் சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அங்கே ஒரு கிளையைத் தடவ வைத்தார். வழவழப்பாக இருந்தது. காய் தேடினோம், முழுசாக ஒன்று கூடக் கிடைக்கவில்லை, செதில்கள் மட்டும் சிதறிக் கிடந்தன.

ஆத்தூர் அண்ணாவுக்கு என்று ஒரு ராய் காய் எடுத்து வைத்தாள். பிறகு, அங்கே இருப்பது அங்கேயே இருக்கட்டும் என்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பக் கீழே வைத்துவிட்டாள். படத்தை அனுப்பியிருக்கிறேன் அண்ணா, பாருங்கள்.


மலைப்படை_ஆத்தூர்
ஞாயிறு, காலை 5:50

பார்த்தேன் சகோதரி. ராயேதான். ஓரத்தில் அணில் கடித்த அடையாளம் கூட இருக்கிறது, அங்கே எங்கள் கூடாரத்துக்கு வெளியே விடிந்தால் இப்படித்தான் குவிந்து கிடக்கும். பாப்பாவிடம் சொல்லுங்கள், படத்தைப் பெரிதாக்கி என் மனைவிக்கும் காட்டினேன்.